கடைசி முறைத் தண்ணீர்

இன்று காலை அலுவலகத்தில் பழுதான மீற்றர் ஒன்றைத் திறந்து, கம்பிக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுவிட்டேன். நீர் அதைப் பூசை மணம் என்பீர். "கோயிலிலை சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு, என்ன?" என்று கேட்டுக்கொண்டே ஈயம் உருக்கும் சூடான கோலை என் கைக்குக் கிட்டக் கொண்டுவருவீர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்றைக்கும் வந்தது, நீர் இல்லையே என்று.

பொறியியல் படிப்பின் இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டத்துக்கு உம்மோடு என் பெயரைச் சேர்த்துப் போட்டபோது நான் மகிழவில்லை. கோப்பாயில் தோட்டக்காரர் வீட்டுப் பெட்டை நான். குருநகரில் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பெடியன் நீர். விரிவுரைக்குப் பிந்தி வருவீர். வந்ததும் வராததுமாய் மீன்குழம்புச் சோற்றைத் திறப்பீர். இந்த ஆளோடு கரைசேர்ந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

திட்டம் என்னுடைய யோசனை. எங்கள் பங்குக் கிணற்றில் அதிகம் இறைத்தால் அடியிலிருக்கும் உவர்த் தண்ணீர் மேலே ஏறிவிடும், பயிர் கருகும். உப்புக் கூடியதும் மோட்டரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று செய்வோம் என்றேன். செய்தோம். பூட்டிய முதல் வாரமே சொன்னபடி வேலை செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர். அந்தக் கிணற்றில் மூன்று பங்கு. விடிந்ததும் முதல் முறை என் பெரியப்பாவுக்கு, அடுத்தது பக்கத்து வளவுக்கு, கடைசி முறை பாக்கியமக்காவுக்கு. அப்பன் பாட்டன் காலத்து ஒழுங்கு, யாரும் மாற்ற நினைத்ததில்லை. முதல் இருவரும் இறைத்து முடிய உப்பு ஏறிவிடும். கருவி ஒவ்வொரு நாளும் பாக்கியமக்காவின் முறையில்தான் மோட்டரை நிறுத்தியது. புருஷன் போனபின் அவ தனியாளாய் நட்ட வெங்காயம். வாய்க்கால் காய்ந்து, தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"கருவியிலை பிழையில்லை. உப்பு ஏறினா நிக்கத்தானே வேணும்?" என்றேன்.

"ஏத்தினது ஆர்? காயிறது ஆருடைய தோட்டம்?" என்று கேட்டீர். "எங்கடை கருவி உம்மடை பெரியப்பாவுக்கு வேலை செய்யுது, தெரியுமோ?"

எல்லாவற்றையும் கழற்றுவோம் என்றீர். ஒவ்வொருவர் முறையிலும் நடுவில் கொஞ்ச நேரம் மோட்டர் நின்றால் கிணறு ஆறும், உப்புக் கீழே இறங்கும், மூன்று பேருக்கும் கொஞ்சம் குறையும், ஆனால் மூன்று பேருக்கும் வரும். வாய்மொழிப் பரீட்சை நெருங்கிவிட்டது, எங்கள் விரிவுரையாளர் சேர் ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது, இப்போது கைவைத்தால் இரண்டு பேரும் மண் கவ்வுவோம் என்று கத்தினேன். நீர் திருப்புளியை எடுத்தீர். உம்மோடு கதைக்காமல், ஆனால் பக்கத்திலிருந்தே, நானும் கழற்றினேன்.

பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே. கிணற்றடியில் வைத்துச் சொன்னோம்.

"குருநகர்ப் பெடியன் எங்கடை கிணத்துக்கு நியாயம் சொல்ல வந்திட்டானோ?"

நான் உம் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீர் சிரித்தீர். "இல்லை ஐயா, கேக்கத்தான் வந்தனான். எங்கடை வள்ளத்திலை முன்னுக்கு நிண்டவருக்கும் பின்னுக்கு இருந்தவருக்கும் மீன் பங்கு ஒண்டுதான். இஞ்சை எப்பிடி?"

தன்னுடைய முறையில் மோட்டர் நின்றால் கருவியைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிவேன் என்றார் பெரியப்பா. அவர் சொன்னால் செய்கிறவர். மறுநாள் காலை அவர் முறை பாதியில் மோட்டர் நின்றது. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கருவியை நோக்கி வந்தார். அதே நேரம் பெரியம்மா பின்பக்கத்தால் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தா. "குடியுங்கோ ஐயா, குடிச்சு முடிய ஓடும்," என்றீர். முதல்நாளே அடுப்படிக்குள் போய்ப் பெரியம்மாவோடு பேசி வைத்திருக்கிறீர், கள்ளன்! அவர் முறைத்துக்கொண்டே குடித்தார். கோப்பையைக் கீழே வைப்பதற்குள் மோட்டர் மறுபடி ஓடியது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார்.

அன்று பாக்கியமக்காவின் கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் போனது. அவ குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தா. "நல்ல தண்ணியடா தம்பி," என்றா. நான் அழுதேன். நீர் பார்க்காத மாதிரி நின்றீர்.

பரீட்சையில், ஒப்புக்கொண்டதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். நான் வரைபுகளைத் தேடிக்கொண்டிருக்க நீர் முந்திக்கொண்டீர். "முந்தினது ஒராளைக் காயவிட்டது, சேர்." புள்ளி சுமார்தான் கிடைத்தது. வரும் வழியெல்லாம் நான் புறுபுறுத்தேன், நீர் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வந்தீர்.

போன மாரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். கொழும்பில் வேலையிலிருந்த நான் வந்து சேர்ந்தபோது உம்மைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உங்கள் வேதக்கோயில் வாசலில் பாக்கியமக்காவும் பெரியப்பாவும் நின்றார்கள். குருநகர்ப் பக்கம் பெரியப்பா வந்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும், "இண்டைக்கு எங்கடை கிணத்திலை ஒருதரும் இறைக்கேல்லை, பிள்ளை," என்றார்.

குழாய்த் தண்ணீர்த் திட்டங்களுக்கு வரைபடம் போடுவதுதான் இப்போது என் வேலை. மற்றவர்கள் தண்ணீர்த் தாங்கியிலிருந்து தொடங்குவார்கள். நான் குழாய் முடிகிற வீட்டிலிருந்து தொடங்குவேன். இவவுக்கு எல்லாம் தலைகீழ்தான் என்று நையாண்டி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். நேற்று வந்த படத்தில் ஒழுங்கைப் பாதையின் முடிவில் ஒரு வீடு. "அங்கை தண்ணி அமுக்கம் காணாது, ஒரு வீடுதானே, விடுவம்," என்றார் எங்கள் அலுவலகப் பெரியவர். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகிறேன். வேலியடியில் நின்று கூப்பிட்டு, சிரித்து, அந்நியரோடு கதை தொடங்குகிற வித்தை உமக்குத்தான் வரும். எனக்கு இன்னும் வரவில்லை. உம்மை நினைத்துக்கொண்டு கூப்பிடுவேன்.