சாந்தி அக்காவின் படையலில் எரிமலைத் தீவு

என் சாந்தி அக்கா,

சுகமா என்று உங்களை எப்படிக் கேட்பது? நான் சுகமில்லை. உங்களோடு கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு, லா கூர்னெவில் நீங்களும் அத்தானும் குடியிருந்த வீட்டில், நீங்கள் கண்மூடிய முப்பத்தொன்றாம் நாள். வாழையிலையில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். இடியப்பம், கத்தரிக்காய்க் குழம்பு, நான் சுட்ட பயத்தம் பணியாரம்.

அப்போது ஜெசிந்தா வந்தாள். காலையில் உங்களோடு அலுவலகம் துப்புரவாக்கப் போய்வந்தவள், ஸ்தேனில் இருக்கிறவள். கத்தோலிக்கப் பிள்ளை. பிடித்ததைப் படைக்கவேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பி, மடித்த காகிதம் ஒன்றைப் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். லா சப்பலில் எங்கள் சேலைக்கடைக்கு அடுத்த கடையில், விமானச் சீட்டு விற்கிறவர் கொடுக்கும் விளம்பரத்தாள். கிரேக்கத்துச் சந்தோரினி.

"இதென்ன பிள்ளை?" என்றார் அத்தான்.

"அக்காவும் நானும் கோடைக்குப் போக இருந்த தீவு."

அது எங்கள் தீவல்லவா, அக்கா? பின்னேரங்களில் சேலை மடித்தபடி நீங்களும் நானும் போட்ட திட்டமல்லவா? படகில் எரிமலை வாய்க்குப் போவோம் என்றீர்கள். பொங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். "எங்களுக்கு ஊரிலேயே ஓடிப் பழக்கம்தானே, வதனி" என்றீர்கள். விமானத்தில் ஜன்னல் பக்கம் வதனிக்கு என்று அதே விளம்பரத்தாள் ஒன்றில் எழுதியும் தந்தீர்கள்.

அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தேன். அதே கையெழுத்து. ஜன்னல் பக்கம் ஜெசிக்கு.

அவள் ஜெசியாம், நான் வெறும் வதனியா? செத்துப்போன மனுசிக்காகப் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். படுகிறேன். எரிமலைக் கதையை அவளுக்கும் சொல்லியிருப்பீர்களோ என்ற எண்ணம் என்னைச் சாப்பிட விடவில்லை. போகும்போது படியில் மறித்துக் கேட்டேன்.

"இல்லை வதனியக்கா, எரிமலையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அங்கை கடலிலை நீந்தப் பழகவேணும் எண்டுதான் சொன்னவ. இஞ்சை நீச்சல் குளத்துக்குப் போக வெக்கமாம்."

நீந்தவா? உங்களுக்கு அப்படி ஒரு ஆசையா? இத்தனை வருடம் ஒரே மேசையில் நின்ற எனக்குத் தெரியாதே. அவளைப் படியிலேயே விட்டுவிட்டு மேலே வந்து பாத்திரம் கழுவினேன்.

ஆனாலும் எனக்குத் தெரியாத நீங்கள் இன்னும் எவ்வளவு அவளிடம் இருக்கிறீர்களோ என்று நானே அவளைக் கூப்பிட்டு, நேற்று இருவருமாகப் போய் யூன் மாதத்துக்குச் சந்தோரினிக்கு விமானச் சீட்டு எடுத்தோம். ஜன்னலுக்குச் சண்டை வந்தது. போகும்போது எனக்கு, வரும்போது அவளுக்கு.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவளிடம் இருக்கிற உங்களை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். இது சத்தியம். என்னிடம் இருப்பதையும் அவளுக்குச் சொல்வேன். எரிமலைப் பகிடியை மட்டும் சொல்லமாட்டேன், அக்கா. அது எனக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
வதனி
லா சப்பல், பாரிஸ்