கரையில் நிற்கிற ஆள்

மாங்கேணி
16.06.2025

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு அப்பா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இந்த மனிசனுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ ஏழு தரம் ஓம் அப்பா சொல்லிவிடுகிறாய், அதோடு எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதத்துக்கு நடுவில் நீ ஓம் போட முடியாது. இங்கே அனல் வீசுகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை, ஆற்றில் இறால் பரவாயில்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய பூச்சு மருந்தால் என்று அவர் சொல்கிறார், சந்தைக்கு நடப்பதை நிறுத்தியதால் என்று நான் சொல்கிறேன். உன் கட்டிலில் இப்போது பூனைதான் படுக்கிறது, அதை எழுப்ப அம்மா யாரையும் விடுவதில்லை.

போன மாதம் நீ அனுப்பிய படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீல நிறத்தில் சின்னப் படகு, பின்னால் கடல் மாதிரி ஏரி, நடுவில் நீ. அம்மா அதைக் கோயிலடி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே வலை இழுக்கக் கூப்பிட்டால் வயிற்றுவலி வருகிற பிள்ளை கனடாவுக்குப் போய்ப் பழைய படகு வாங்கியிருக்கிறான் என்று ஓட்டமாவடியில் எஞ்சின் திருத்துகிற ஹமீட்டிடம் சொல்லிச் சிரித்தேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்கு நீ, "தண்ணி பாக்காம இருக்க ஏலாமக் கிடக்கு அப்பா" என்றாய். அன்று முழுக்க எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. பிறகு படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கரையில் ஒரு சனம் இல்லை. படம் எடுத்தது யார் என்றால் நீயே போனைப் படகில் சாத்தி வைத்து எடுத்ததாம். மிதவைச் சட்டை உன் மேலில் இல்லை, மூலையில் சுருண்டு கிடக்கிறது. பனிக்கட்டி உருகி இரண்டு கிழமை ஆகாத தண்ணீர். போனில் கேட்டதற்கு, எனக்கு நீந்தத் தெரியும்தானே அப்பா என்றாய். அந்தக் குளிரில் நீச்சல்காரனுக்கும் கொஞ்ச நேரத்தில் கை கால் விறைத்துவிடும் என்று நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன் மகன். அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நெஞ்சு சரியில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குப் பின்னேரம் நாலரை ஆகும்போது நீ எடுத்து, வெளிக்கிடுறன் அப்பா என்பாய். நானும் சரி மகன், பார்த்துப் போ என்று வைத்துவிடுவேன். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உனக்குத் தெரியும், தொழிலுக்கு இறங்குகிறவனை எங்கே என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, கேட்டால் போகிற காரியம் தடைப்படும். மிஞ்சிப்போனால் தூரமோ என்று கேட்போம். இங்கே அது போதும், ஏனென்றால் கரையில் எப்போதும் ஆள் இருக்கிறது, எந்தப் பக்கம் போனான் என்று கேட்காமலே கண் பார்த்து வைத்திருக்கும். தை மாதம் தங்கராசாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றபோது, பத்து மணியாகியும் ஆளைக் காணவில்லை என்று அவருடைய மனிசி கரைக்கு ஓடி வந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் உடனே வடக்குப் பக்கம் என்று கையைக் காட்டினார்கள், மத்தியானச் சோற்றுக்கு முன் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். உனக்கு அங்கே கை காட்ட யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஹமீட்டின் கடைக்குப் போனேன்.

ஹமீட் எஞ்சின் வருத்தங்களுக்கு மருந்து தேடிப் பேஸ்புக்கில் எத்தனையோ படகுக் குழுக்களில் சேர்ந்திருக்கிறார். முதலில் காட்டியது முப்பதாயிரம் பேர் உள்ள பெரிய குழு. வெள்ளை வெள்ளையான படகுகள், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்கள், கையில் கிளாஸ். உன் படத்தைப் போட்டு இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டோம், இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள், அவ்வளவுதான். அடுத்தது எஞ்சின்காரர்களின் குழு. நல்ல மனிதர்கள், உடனே பதில் எழுதினார்கள், ஆனால் எல்லோரும் உன் எஞ்சின் எத்தனை குதிரைவலு என்றுதான் கேட்டார்கள். நான் சலித்துப்போய் எழும்பினேன். ஹமீட் விடவில்லை. பெரிய குழு தேடிப் பிரயோசனமில்லை, அதே தண்ணீரில் இறங்குகிற ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, உன் ஏரியின் பெயரைப் போட்டுத் தேடினார். இருநூறு பேர் கூட இல்லாத ஒரு குழு வந்தது. அதில் ஒருவன் படகின் அடித்துளைத் தக்கையைப் போட மறந்து தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன் என்று தன் மடத்தனத்தைத் தானே எழுதியிருந்தான். ஒருவரும் நையாண்டி பண்ணவில்லை, அடுத்த தரம் தக்கையை எஞ்சின் கிளப்புகிற திறப்போடு சேர்த்துக் கட்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இது மனிதர்கள் உள்ள இடம் என்று எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது மகன். தண்ணீரில் இறங்குகிறவர்கள் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். திரும்பியதும் வந்துவிட்டேன் என்று எழுதுகிறார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் கரையில் பொறுப்பெடுத்த ஆள் தேட ஆரம்பிப்பார். ஹமீட் தமிழாக்கித் தர நான் கீழே கீழே இறக்கி வாசித்தேன். வந்துவிட்டேன், வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று மாதக்கணக்காக எழுதியிருக்கிறார்கள். யாரென்று தெரியாத அந்தப் பிள்ளைகள் எல்லாம் கரை ஏறியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணும் கலங்கிப்போயிற்று. ஹமீட் தேத்தண்ணி சொல்லப் போவது மாதிரி எழும்பிப் போய்விட்டார்.

அந்தக் குழுவைப் பார்ப்பவர் ஹெலன் என்கிற ஒரு அம்மா, எழுபது வயது தாண்டியவர், வீடு ஏரிக் கரையிலேயே. நான் எழுதியதைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் எந்தப் பக்கத்தால் படகு இறக்குகிறான், எவ்வளவு தூரம் போகிறான், எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று கேட்டிருந்தார். மூன்றில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீலப் படகு என்று மட்டும் எழுதினேன். ஐம்பது வருடம் தண்ணீரில் கிடந்தவன் தன் பிள்ளையைப் பற்றி நிறம் மட்டும் சொல்ல நேர்ந்தது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு, கரையில் பொறுப்பெடுக்கிற ஆளாக என் பெயரைப் போடுங்கள், க. கனகசிங்கம், மாங்கேணி, நான் எந்த நேரமும் போன் எடுப்பேன் என்று எழுதிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது. "மன்னிக்க வேண்டும். உங்களால் அவரைத் தேடிப் போக முடியாது. என்னால் முடியும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவன் நான் இருக்க இவர் யார் என்று ஹமீட்டிடம் கத்தினேன். அவர் எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே, "அண்ணன், அந்த மனிசி சொல்றது சரிதானே, நாம இங்கயிருந்து எத்தின மணிக்குப் போய்ச் சேர்ற?" என்றார். இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அவர் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் போய் ஹெலன் அம்மாவின் பெயரையே போடச் சொல்லி எழுதிவிட்டு வந்தேன். நன்றி என்ற சொல்லை ஹமீட்தான் சேர்த்து எழுதினார், எனக்குக் கை வரவில்லை.

குழுவின் முகவரியை ஹமீட் உன் போனுக்கு அனுப்புவார். அப்பா என்னைச் சின்னப் பிள்ளை ஆக்கிவிட்டார் என்று கோபப்படாதே. நீ தண்ணீரை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விட்டால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான். சட்டையை மூலையில் போடாமல் போட்டுக்கொள். தனியே போவதைக் குறைத்து அவர்களோடு சேர்ந்து போ. ஒருநாள் ஹெலன் அம்மாவின் வீட்டுக்குப் போய், கனகசிங்கத்தின் மகன் என்று சொல்லி முகத்தைக் காட்டிவிட்டு வா. எங்கே என்று கேட்காத வழக்கத்தையும் இன்றோடு விட்டுவிட்டேன், இனி ஒவ்வொரு ஞாயிறும் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பேன். எப்போது ஊருக்கு வருவாய் என்றும் கேட்பேன், நாலு வருடமாக அதையும் கேட்காமல் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தத் தண்ணீரில் நின்றாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நானும் அம்மாவும் கும்பிடுகிற தெய்வம் உன்னோடு நிற்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கரை ஏறியதும் முதலில் ஹெலன் அம்மாவுக்குச் சொல். எனக்கு இரண்டாவதாகச் சொன்னால் போதும்.

உன் வரவை நினைத்திருக்கும்
அப்பா
க. கனகசிங்கம்