ஒரே முகவரி

செவ்வாய், இரவு.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஸ்டெல்லா கல்யாணமாகி ஹனூருக்குப் போய் ஒன்பது நாள். மைசூர் வீட்டில் இப்போது நான் மட்டும்.

எங்கள் இருவரையும்தான் நான் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமில் சோதனைப் பெயர்களாக வைத்திருந்தேன். ஒரே வீடுதானே என்று ஒரே முகவரி ஆப்ஜெக்டை, அதாவது ஒரே பதிவை, இருவருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தேன். இன்று அவளுடைய ஊரை ஹனூர் என்று மாற்றினேன். என் பெயருக்கு எதிரிலும் ஹனூர் என்றே வந்தது.

பக்கத்து சீட் மஞ்சுளா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி, நீயும் அவ கூடவே போயிட்டியா?"

சிரிப்பு வரவில்லை. இருந்தது ஒரே முகவரி. யார் வழியாக மாற்றினாலும் இருவருக்கும் மாறத்தான் செய்யும். எனக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவள் ஹனூர், நான் மைசூர். எல்லாம் சரியாகிவிட்டது.

அரை மணி நேரம் நானும் ஹனூரில் இருந்தேன். அதைத் தவறென்று திருத்தியதும் நான்தான்.