காதில் வைத்த சோகி

1961 மாசி, சனிக்கிழமை

காலமை முல்லைத்தீவுக் கரையில் கல்லிடுக்குகளில் பொறுக்கின சிப்பிகளைப் பள்ளிக்கூடத்தில் பெயரெழுதி வைக்கலாமென்று, பின்னேரம் தண்ணிச் சட்டியில் கழுவப் போட்டன். புள்ளி போட்ட வழுவழுப்பான ஒன்றைச் சோழியென்று நினைச்சு "வெறும் சோகி" என்று எழுதினன். வயற்கரையில் வளர்ந்த எனக்கு அழகான சிப்பியெல்லாம் சோகிதான். ஆனால் அது தண்ணிக்குள் மெல்ல ஊரத் தொடங்கிச்சுது.

பக்கத்து வீட்டு மேரியக்கா கடற்கரையில் பிறந்தவா. எட்டிப் பார்த்திட்டுக் கத்தினா: "ரீச்சர், தொடாதேங்கோ! அது சோகியில்லை, வாயால ஊசி மாதிரிக் குத்தி நஞ்சு ஏத்தும். என்ர சித்தப்பா அதாலதான் செத்தவர்."

என்ர ஐந்து வயது மகள் பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அதன் வாயைக் காதோடு ஒட்டி வைத்திருந்தவள்.

"வைச்சுப் பார், கடல் கேட்கும்" என்று குடுத்ததே நான்தான்.