இரண்டு தடவை இழுத்தேன்

செவ்வாய், இரவு.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க இன்று முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தோட்டத்துக்கார அக்கா, "ஏனுங்க தம்பி, கயித்த நான் புடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாங்க்கா, தூணுல கட்டீட்டேன்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

பாதி ஆழத்தில் மூச்சை இழுத்தபோது காற்றோடு தண்ணீரும் வாய்க்குள் வந்தது. பழக்கத்தில் இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். மேலே தூக்கு என்று அர்த்தம். ஒன்பது வருடம் மேலே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்த சேவியர் ஆடியில் துபாய் போய்விட்டான். மோட்டார் அறைத் தூண் என்ன செய்யும்? புரையேறி, இருமிக்கொண்டே நானாக மேலே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைச் சோதித்தேன். சிலிண்டரை மூடிவிட்டு உறிஞ்சினால் காற்று வரக் கூடாது. வந்தது. மூச்சு வெளியேறும் வால்வில் மணல் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் தகடும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் வாயில் கடிக்கும் ரப்பரை விரித்துப் பார்த்தால், என் கடைவாய்ப் பல் படும் இடத்தில் கிழிந்திருக்கிறது. சேவியர் இருந்தவரை ஒன்றைக்கூட நான் கடித்துக் கிழித்ததில்லை. அவன் போனபிறகு இது மூன்றாவது.

புது ரப்பர் மாட்டியாயிற்று. உறிஞ்சிப் பார்த்தேன், காற்று வரவில்லை. மோட்டார் இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது. இரண்டு தடவை இழுத்தால் என்ன அர்த்தம் என்று நாளைக்கு அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்.