குரும்பலூர்க் கொட்டகையில் ஒரு பாய்மரப் படகு

ஏப். 21, செவ்வாய்

காலையிலேயே அனல். பலகை வெடிக்காமலிருக்கப் படகின் மேல் ஈரச் சாக்கு. சின்ன வெங்காயம் இன்னும் களத்தில்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் படகுப் பட்டறையில் இருந்தபோது வாங்கியது. இங்கிலாந்துக்காரர் வரைந்த பிளான், ஹாங்காங்கில் தேக்கில் கட்டியது. இருவர் படுக்க உள்ளே சின்ன அறை. இந்த மாதிரிப் படகுகளில் மிச்சமிருப்பது சிலதுதான் என்பார். கப்பலில் ஏற்றி, லாரியில் குரும்பலூர் கொண்டுவந்தார். சரிசெய்து கடலில் விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மதியம் கொழுந்தன் சேகர். புது வீட்டுக்கு நிலை, கதவு வேண்டுமாம்.

"தண்ணியே இல்லாத ஊர்ல கப்பல் எதுக்கு அண்ணி? அத்தனையும் தேக்கு."

"தொட்டுப் பாரு."

சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியில்லை.

ஏப். 23, வியாழன்

சேகர், ரம்பம், கூட இரண்டு ஆட்கள். குறுக்கே நின்றேன். முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினான். உதடு கிழிந்தது. பலகையில் ரம்பம் இறங்கும் சத்தம். எழுந்தேன். கைக்கு அகப்பட்டது பாய்க்கயிறு முறுக்கும் இரும்புக் கைப்பிடி. அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்தது காதில் கேட்டது.

"ஐயோ, கொன்னுட்டா!"

ஆட்கள் ஓட்டம்.

இன்னொரு அடி போடத் தோன்றியது. அதை நினைத்தால்தான் பயம்.

ஏப். 24, வெள்ளி

பெரம்பலூர் ஸ்டேஷன். அவன் கையில் மாவுக்கட்டு. எஸ்.ஐ.: "கப்பலா? குரும்பலூர்லயா?" சமாதானம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். சோப்பு, பல்பு வாங்க மறதி.

திரும்பினால் வீட்டு வாசலில் சேகர் பெண்டாட்டி வசந்தா. ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். வரிசையாகப் பீடிச் சூடு.

"எந்தக் கைய அக்கா ஒடைச்சீங்க? வலது கைதானே?"

தலையாட்டினேன்.

"அந்தக் கைதான்."

நாகப்பட்டினத்தில் இவர் கூட்டாளியின் பட்டறைக்கு போன். "அனுப்புங்கம்மா, கடல்ல எறக்கிடலாம்."

ஏப். 27, திங்கள்

படகு அறைக்குள் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். மேல் மூடி படாரென்று விழுந்தது. வெளியே தாழ். இடுக்கு வழியே தலையில் ஏதோ சொட்டியது. பெட்ரோல்.

"வெந்து சாவுடி!" சேகர் குரல்.

மூடியை உதைத்தேன், உதைத்தேன். பிறகு வெளியே சொத்தென்று ஓர் அடி. இன்னொன்று.

மூடியைத் திறந்தது வசந்தா. கையில் மண்வெட்டி. கீழே சேகர், மண்டை பிளந்து, கொட்டகை மண்ணெல்லாம் ரத்தம். மூச்சு இருந்தது.

"தீக்குச்சிய உரசப் போனான் அக்கா," என்றாள். உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். எத்தனை தடவை குளித்தும் தலையில் நாற்றம்.

மே 6, புதன்

மேகமூட்டம். சேகர் தையல் பிரித்ததும் உள்ளே. வசந்தாவுக்கு ஜாமீன். கிரேன் வந்து படகை லாரியில் ஏற்றியது. ரம்பக் காயத்தோடுதான் போகிறது.

வசந்தா துணிப்பையோடு வந்து என் பக்கத்தில் ஏறினாள். நான் கூப்பிடவில்லை, கேட்கவும் இல்லை. சேகரின் சித்தப்பா லாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"புருசன ஜெயிலுக்கு அனுப்பிட்டு எங்கடி கெளம்பிட்ட?"

"கடலுக்கு," என்றாள். டிரைவரைப் பார்த்து: "எடுங்கண்ணே."