அலமாரியில் பூட்டிய தொப்பி

பாங்காக், 1942

அன்புத் தங்கை சம்லிக்கு,

என் தொடர்கதையைப் படித்துவிட்டு, “கதாநாயகி ஏன்க்கா திரும்பி வந்துட்டா?” என்று கேட்டிருந்தாய். நான் அவளை ரயிலேற்றித்தான் விட்டேன். அச்சுக்குப் போகுமுன் உன் அத்தான் படித்தார்.

“நாகரிகமான பொம்பள புருஷனை விட்டுட்டுப் போவாளா? மாத்துடி!”

நாகரிகம் வளர வேண்டுமென்று அரசாங்கம் போட்ட உத்தரவுப்படி தினமும் வாசலில் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டே வேலைக்குப் போகிறார். எதிர்வீட்டுக்காரி பார்த்துப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். அதற்கு முன்பே என் தொப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அதே உத்தரவுப்படி, தொப்பி இல்லாத பெண்ணுக்கு இங்கே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பதில்லை.

நான் நலம். சொங்க்ரான் பண்டிகைக்கு நீ வரும்போது மாம்பழமெல்லாம் வேண்டாம். உன் பழைய தொப்பி ஒன்று போதும். பையின் அடியில் வை.

உன் அக்கா